சங்கு அலமாரியில் என் பெயர்

கெட்டுப்போன கணவாய் மீனின் வாடை. நேற்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை, மாலையில் ஃபிரிட்ஜைத் திறந்தேன், வாடை முகத்தில் அறைந்தது. மூக்கைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தாமல் நின்றேன். அந்த வாடைக்குள்ளே இன்னொரு வாடை இருந்தது: மண்ணெண்ணெய், சாம்பிராணி, உப்புத்தண்ணீரில் கொதிக்கும் சோழி. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வாடை உலகத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு. என் கால்கள் அதற்குள் நம் மாதா கோயில் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தன. பதினேழு படி. ஒன்பதாவது படியில் பலகை ஆடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் செய்தி வந்தது. பாடகர் குழுவின் பழைய பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆர்கன் வாத்தியாருக்கு நினைவு மலர் அச்சடிக்கிறீர்கள். அவருடைய சங்கு அலமாரியைப் பங்கு மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறீர்கள். "நீதாம்ளா எழுதுறவ. வாத்தியாரோட பொழுதுபோக்கு பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தா. நல்லதா எழுது" என்று உங்களில் ஒருத்தி. கூடவே அலமாரியின் படம்.

படத்தை விரலால் பெரிதாக்கினேன். மூன்றாம் தட்டு, இடது ஓரம். பஞ்சின் மேல் ஒரு சங்கு, அதன் கீழே பழுப்பேறிய சீட்டு. சீட்டில் அவருடைய அழகான சாய்ந்த எழுத்தில் என் பெயர்.

எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் பாடு.

நம் கோயில் இசைக்காரர்கள் ஒருவருக்கும் பூசை முடிந்த பிறகு இசை வேண்டியிருக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். வயலின் மாமா சண்டைச் சேவல் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் புறங்கையில் புதுக் கீறல் இருக்கும், வில் ஏறி இறங்கும்போது அதில் ரத்தம் பொட்டாகத் துளிர்க்கும். தோற்ற சேவலை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவார். "நேத்து வரைக்கும் இவன் எம்பிள்ள மக்கா" என்று சொல்லிக்கொண்டே எலும்பைக் கடிப்பார். தபேலா அண்ணனுக்குப் பந்தயப் புறா. பிந்தி வந்த புறா மறுநாள் கூட்டில் இருக்காது. எங்கே அண்ணே என்று கேட்டால், "அதுக்கு வீட்டு நெனப்பு பத்தல" என்பார். நாம் சிரிப்போம். நமக்கு எல்லாமே சிரிப்பாக இருந்த வயது.

ஆர்கன் வாத்தியாருக்குச் சங்கு.

பகலில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட், மாலையில் கோயில் ஆர்கன், இரண்டுக்கும் நடுவில் மிஞ்சிய நேரமெல்லாம் சங்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெட்டை உடம்பு, வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். பாடகர் மாடிக்கு ஏறும் படிக்கட்டின் கீழே ஒரு சின்ன அறை, அதுதான் அவருக்கு உலகம். ஸ்டவ், அலுமினியச் சட்டி, வளைத்த கொண்டை ஊசிகள், ஒரு நீள இடுக்கி, சுவர் உயரத்துக்கு அந்த அலமாரி.

மலரில் நீங்கள் "சங்கு சேகரித்தார்" என்று ஒரே வார்த்தையில் போட்டுவிடுவீர்கள். எப்படிச் சேகரித்தார் என்பதை நாம்தான் பார்த்தோம். கரையில் ஒதுங்கிய சங்கை அவர் தொட மாட்டார். அது வெயிலில் வெளுத்து மினுக்கம் போனது. "உயிரோட வரணும் பிள்ள. உயிரோட எடுத்தாத்தான் அந்தப் பளபளப்பு நிக்கும்" என்பார். உயிரோடு வந்ததைச் சட்டியில் போடுவார். தண்ணீர் மெதுவாகச் சூடேற வேண்டும், சட்டென்று கொதித்தால் ஓட்டில் விரிசல் விழும். பிறகு கொண்டை ஊசியை உள்ளே விட்டு, சங்கை மெல்லச் சுழற்றி, உள்ளே சுருண்டிருப்பதை முழுசாக இழுப்பார். "வா ராசா. வெளிய வா. அவ்வளவுதான், அவ்வளவுதான்." காய்ச்சல் பிள்ளையிடம் பேசுவது போல. பாதியில் அறுந்து உள்ளே தங்கிவிட்டால் அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார். அந்தச் சங்கை மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் மணலில் புதைப்பார், மிச்சத்தை எறும்பு தின்று தீர்க்க. மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே செபம் சொன்னார்கள்.

லத்தீன் பூசை நடந்த காலத்துப் பீடச் சிறுவன் அவர். சங்குகளின் லத்தீன் பெயர்களைப் புனிதர் பெயர்களை அடுக்கும் பிரார்த்தனை மாலை போலவே இழுத்து வாசிப்பார். "சிப்ரேயா டிக்ரிஸ்" என்பார், உங்களில் ஒருவன் பின்வரிசையிலிருந்து அடக்கமாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பான். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு வேண்டிக்கொள்ளும். அவருக்குக் காதில் விழுந்தது. ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு என்னவோ, அவர் அதை விரும்பினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஒரு விதி இருந்தது. யாரும் எழுதி வைக்காத விதி, ஆனால் நம் எல்லோர் வீட்டுக்கும் தெரியும். திருவிழாப் பூசையில் சனங்கள் நாக்கில் நன்மை அப்பம் வாங்கி முடித்து முழந்தாளில் இருக்கும்போது, கோயில் முழுக்க மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்போது, ஒரு பிள்ளை தனியாகப் பாட வேண்டும். அந்தப் பாட்டு, வாத்தியாருக்கு நல்ல சங்கு கொண்டுவந்த பிள்ளைக்குப் போகும்.

எல்லா வருடமும் அப்படி இல்லை என்று யாராவது சொல்வீர்கள். குரலும் பார்த்தார்தான். ஆனால் குரல் சுமாராக இருந்து அப்பாவிடம் வத்தைப் படகு இருந்தால் குரல் தானாகத் தேறிவிடும்.

எங்கள் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். பெரிய சங்கெல்லாம் ஏலத்துக்குப் போகும். பாறையில் ஒட்டிக்கொண்டு வரும் சோழியும் சில்லறைச் சங்கும் அவர் மடியில் இருக்கும். அது வாத்தியாருக்கு. என் குரல் உங்களுக்குத் தெரியும், சுருதி நிற்கும், அவ்வளவுதான். என் பக்கத்தில் நின்று பாடினாளே, அவள் குரல் வேறு. அவள் பாடும்போது மாடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காகம்கூடத் தலையைச் சாய்க்கும் என்று தபேலா அண்ணன் சொல்வார். அவள் அம்மா உப்பளத்தில் பாத்தி மிதிப்பவள். அப்பா இல்லை. கடலிலிருந்து அந்த வீட்டுக்கு வருவது உப்பு மட்டும்தான்.

அந்த வருடம் திருவிழாவுக்குக் கன்னியர் மடத்து மதர் வருவதாக இருந்தது. விடுதிப் பள்ளி நடத்துகிறவர். பாடுகிற பிள்ளையைத் தன் விடுதியில் இலவசமாகச் சேர்த்துப் படிக்க வைப்பதாக வாத்தியாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். செய்தி வந்த அன்றைக்கே அவள் என் காதைக் கடித்தாள்.

"ஏளா, பாட்டு கெடைக்கலன்னா பரீட்ச முடிஞ்சதும் நானும் பாத்திக்குப் போவணும். அம்மயால ஒத்தையில ஏலலையாம். பள்ளிக்கூடம் போதும்னுட்டா."

வாத்தியார் அதற்கு முன்பே பாட்டை எனக்கென்று சொல்லியிருந்தார். அந்த மாதம் மட்டும் பத்துச் சோழி கொடுத்திருந்தோம். ஆனால் ஒரு வியாழக்கிழமை, ஏதோ தோன்றி, அவளைப் பாடச் சொல்லிக் கேட்டார். அவள் பாடி முடித்தபின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். ஆர்கன் காற்றிழந்து முனகியது. எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"கொரல் அவட்ட இருக்கு. சங்கு இவட்ட இருக்கு. நாளைக்கு முடிவு சொல்லுதேன். அவளும் ஒண்ணு கொண்டுவரட்டும், பாப்போம்."

நீங்கள் எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். சேவல் சண்டையில் பார்க்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்து வீட்டின் பின்புறம் வைத்தார். கடல் தண்ணீர், அதற்குள் ஒரு சங்கு. கூம்பு மாதிரி, என் உள்ளங்கை நீளம், மேலெல்லாம் வலைப் பின்னல் போலப் பழுப்புக் கோடு. இத்தனை வருடம் வாத்தியார் புத்தகப் படத்தில் தடவிப் பார்த்து ஏங்கிய சங்கு அது. அப்பா மூடியைப் போட்டு, அதன் மேல் ஒரு கல்லை வைத்தார். அதற்கு அவர் பெயர் சொல்ல மாட்டார், 'அது' என்றுதான் சொல்வார்.

"மக்களே, அதத் தொட்டுராத. சின்னதா மூக்கு மாதிரி ஒண்ண நீட்டிக் குத்தும். குத்துனது தெரியவே தெரியாது. பெறவு நாக்கு தடிக்கும், கண்ணு சொருவும், மூச்சு நின்னுரும். எங்கூட்டாளி ஒருத்தன் கரைக்கு வரல. சனிக்கெழம நானே தூக்கிட்டுப் போயி வாத்தியார்ட்ட குடுக்கேன். கேட்டியா?"

"கேட்டேம்பா."

கேட்டேன். பதினோரு வயதில் மூச்சு நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என இத்தனை வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். தெரியும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் வந்தாள். அப்பா கடலில். அம்மா இறால் உரிக்கப் போயிருந்தாள். அவள் தலை வாரி, பச்சை ரிப்பன் கட்டி, கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில் நின்றாள்.

"ஏளா, ஒரு சோவி இருந்தாத் தாயேன். ஓட்டையா இருந்தாலும் சரி."

"ஓட்டைய வாத்தியார் தூக்கி எறிஞ்சிருவாவ."

"பெறவு நான் என்ன செய்ய? ஒரு கல்லு உப்ப எடுத்துட்டுப் போயி, சார் இந்தாங்க, லத்தீன்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்கவா?"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு சொல்லுவானுவ."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

"பின்னால ஒரு டின்னு இருக்கு" என்றேன்.

சொன்னது என் வாய்தான். யாரும் என் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை. அவளைப் பின்புறம் கூட்டிப் போனேன். கல்லை நான் எடுத்தேன். மூடியையும் நான் எடுத்தேன். அங்கே நிறுத்திக்கொண்டேன்.

"நீயே எடுத்துக்கோ."

அவள் எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் வெயில் விழுந்து அந்தப் பின்னல் அசைந்தது.

"ஏ தாயே. இதையா? இதக் குடுத்தா உனக்குப் பாட்டு போயிருமேளா."

"போட்டும்."

வலது கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் சொட்ட, விரல்களை மூடினாள். "கனமே இல்ல பாரு" என்றாள். இன்னொரு கையால் என் கழுத்தை வளைத்துக் கன்னத்தில் முத்தம் வைத்தாள். பிறகு அது போதாது என்று பட்டதோ என்னவோ, பச்சை ரிப்பனை உருவி என் கையில் திணித்தாள். அந்த ரிப்பனை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. அன்றைக்கு நடந்ததில் எனக்கு நினைவில்லாத ஒரே விஷயம் அதுதான்.

கோயிலுக்குப் பத்து நிமிட நடை. ஐஸ் கம்பெனியைத் தாண்டி, வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டி. அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கெபி தெரியும் இடத்தில் நின்று, கையைத் திறந்து, ஊதினாள்.

"எறும்பு கடிச்சிட்டு."

அவள் சுண்டு விரலின் அடியில் பேனா முனை வைத்தது போல ஒரு புள்ளி. நான் பார்த்தேன். கீழே போடு என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். வீதி நிறைய ஆட்கள் இருந்தார்கள், சைக்கிள்கள் போயின. அவள் மறுபடி விரல்களை மூடிக்கொண்டாள்.

"வா, நேரமாவுது" என்றேன்.

இனிமேல் நடந்தது உங்கள் முன்னால் நடந்தது. ஆனால் நீங்கள் ஒருமுறைகூட அதைப் பேசியதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் அவள் கையைத் திறந்து நீட்டினாள். வாத்தியார் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, பதினேழு படியும் தடதடவென்று இறங்கி, கீழே அறையிலிருந்து அந்த நீள இடுக்கியை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். எந்தச் சங்கையும் விரலால் தடவித் தடவி வாங்குகிற மனிதர், அதை மட்டும் இடுக்கியால் அகன்ற பக்கம் பார்த்துப் பிடித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் இறக்கினார். கண் கலங்கியிருந்தது. அந்த இடுக்கியை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் பேருந்தில் போகும்போது திடீரென்று புரிந்தது. அவருக்கும் தெரியும். அந்த மாடியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். வெறும் கையில் கொண்டுவந்திருக்கிறாளே, குத்தியதா என்று அவர் கேட்கவில்லை. சங்கைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை.

"யாரு கொண்டுவந்தா இத?"

"இவதான் சார் குடுத்தா. நான் தூக்கிட்டு வந்தேன்."

வேறு பிள்ளையாக இருந்தால் என்னைச் சொல்லியிருக்காது. வாத்தியார் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். சாலமோன் ராசா தீர்ப்புச் சொன்ன மாதிரி ஒரு சிரிப்பு.

"குடுத்தவ பேரு சீட்டுல. தூக்கிட்டு வந்தவளுக்குப் பாட்டு. சரிதானா? பாடு பிள்ள."

அவள் பாடினாள். முதல் அடி. நான் அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் பாடக் கேட்டுவிட்டேன். அந்த ஓர் அடியை எங்கும் கேட்கவில்லை. குரல் மேலே போகும்போது அதில் முயற்சியே இல்லை, புறா கையை விட்டுப் போவது போலப் போயிற்று. நான் என் தோல்வியை முழுசாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டே, எப்போது, எப்போது என்று காத்திருந்தேன்.

இரண்டாம் அடியில் நாக்கு தடித்தது. 'ர' எல்லாம் 'ழ' ஆயிற்று. பிறகு 'ழ'வும் இல்லை, வாயில் கூழ் வைத்துக்கொண்டு பாடுவது போல.

நாம் சிரித்தோம்.

"ஏலே, இவளுக்குப் பல்லு புடுங்கியாச்சா?" என்றது உங்களில் ஒருவன். "சந்தோசத்துல நாக்கு சுளுக்கிட்டு" என்றாள் இன்னொருத்தி. வயலின் மாமா வில்லால் தன் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் உங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வேண்டுமானால் யோசித்துப் பாருங்கள், அந்தச் சிரிப்பு உங்கள் காதில் இருக்கும்.

வாத்தியார் ஆர்கனை நிறுத்தினார். "வாயத் தெற. நாக்க மடக்காத. மொதல்லேருந்து."

மறுபடி. மறுபடி. மூன்று தடவை. மூன்றாவது தடவை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியிது."

"ரெண்டாத் தெரிஞ்சா ரெண்டு மடங்கு பாடு."

அதற்கும் நாம் சிரித்தோம். அவள் இமைகள் பாதியில் நின்றன. நம்மைப் பார்த்தபடியே, நாம் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்க நினைத்தவள் போல, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். முழங்கை ஆர்கன் கட்டைகளில் விழுந்தது. அடிச்சுரங்கள் நாலைந்து ஒன்றாக அலறி, துருத்தியில் இருந்த காற்று தீரும்வரை அலறி, ஓய்ந்தன. கிண்ணத்துக்குள் அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வயலின் மாமாதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் வாயில் குழாய் வைத்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். கையால். ஆள் மாற்றி ஆள், இரண்டு நாள். மூன்றாம் நாள் அவளே மூச்சு விட்டாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி நடையில் அப்பா என்னோடு நின்றார். பங்குச்சாமியார் இருந்தார், அவள் அம்மா இருந்தாள், பாத்தியிலிருந்து வந்த காலோடு, பாதமெல்லாம் வெடித்து உப்பு பூத்து. சாமியார் மெதுவாகத்தான் கேட்டார்: "பிள்ளைட்ட சொல்லி வச்சிருக்கக் கூடாதா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"சொல்லல சாமி. மறந்துட்டேன். எந் தப்புதான்."

அவள் அம்மா எழுந்து வந்து அப்பாவின் கன்னத்தில் அறைந்தாள். உப்பு வாரி உரம் ஏறிய கை. அப்பா அசையவில்லை. இன்னொரு அறை. நான் பக்கத்தில் நின்றேன். அறை விழும்போது கண்ணை மூடிக்கொண்டேன், அதுவும் என்மேல் படாது என்று தெரிந்துதான்.

நாலாம் நாள் வாத்தியார் வந்தார், காகிதத்தில் சுற்றிய நாலு பன்னோடு. அவள் வலது கையை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையை அப்போதுதான் பார்த்தார். "எந்தப் பக்கமா குத்துச்சு? கூர்ப் பக்கமா, அகலப் பக்கமா? ஞாபகம் இருக்கா பிள்ள?" குழாய் எடுத்த தொண்டை, அவளால் பேச முடியவில்லை. கூர்ப் பக்கம் என்று விரலால் காட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவள் அம்மாவிடம் சொன்னார், ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்: "பயப்படாதீங்க. சங்குக்கு ஒண்ணும் ஆவல."

திருவிழா அன்று நான் பாடினேன். சுருதி நின்றது. மடத்து மதர் பூசை முடிந்ததும் மாடிக்கே ஏறி வந்து என் தாடையைத் தொட்டார். தோழிக்காகத் தன்னிடம் இருந்த நல்ல சங்கையே கொடுத்த பிள்ளை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன, நீங்கள்தான். "பாட்டவிட அந்த மனசு பெருசு" என்றார் மதர். அந்த மனசை வைத்துத்தான் படித்தேன். அந்த மனசை வைத்துத்தான் இதை எழுதும் அளவுக்கு வந்தேன்.

அப்பா பூசைக்கு வரவில்லை. மத்தியானம் நான் வீட்டுக்குப் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாடுனியா?"

"பாடுனேன்."

"நல்லாருந்துச்சா?"

"எல்லாரும் சொன்னாவ."

தலையை ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு சாகும்வரை வாத்தியாருக்கு ஒரு சோழி கொண்டுவந்ததில்லை, என்னிடம் டின்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அவளுக்குப் பேச்சு திரும்பியது, குரலும் திரும்பியது. பாடவில்லை. வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் மரத்தே இருந்தன. பங்குனி வெயில் ஏறியபோது, கீழவைப்பாரில் இருந்த மாமன் வீட்டுக்கு அம்மாவும் மகளுமாகக் கிளம்பினார்கள். அங்கேயும் பக்கத்தில் உப்பளம் உண்டு. பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். நீங்கள் யாரும் வரவில்லை. இரண்டு மூட்டை, ஒரு குடம், ஒரு பாய். அவள் அம்மா மூட்டையை ஏற்றிவிட்டு இறங்கி வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள்.

"நீ நல்ல பிள்ள தாயி. ஒங்க அப்பன்தான் எங் குடியக் கெடுத்தான். நீ என்ன செய்வ?"

நான் ஒன்றும் செய்யவில்லை. நின்றேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கம்பியை வலது கையால் பிடித்திருந்தாள், மூன்று விரல்கள் வளைந்திருந்தன, இரண்டு நீட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். அவள் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், கோபமே இல்லாமல், கணக்கில் விடை சரிபார்க்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்.

"டின்னு மேல கல்லு இருந்துச்சுல்லாளா?"

"ம்."

"கல்ல நீதான எடுத்த. மூடிய நீதான எடுத்த. சங்க மட்டும் நீயே எடுத்துக்கோன்னியே."

பஸ் முனகி நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். என்ன சொல்வதற்காக நடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் கம்பியை விட்டாள்.

"சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன்ளா. துணியில சுத்தி எடுத்திருப்பேன்."